24 வயசுல கனவு கார்: இப்பவே வாங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பஸ் சிக்னல்ல நின்னப்ப ஜன்னலுக்குக் கீழ ஒரு போர்ஷே பாக்ஸ்டர், ரூஃபை திறந்து விட்டிருந்தாங்க. பச்சை விழுந்து அது கிளம்பினப்ப சீட்டுக்குப் பின்னாடி இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அது இன்னும் என் காதுலயே இருக்கு. வேலைக்கு சேர்ந்ததுல இருந்து மூணு வருஷமா வேற எந்தப் பெரிய செலவும் பண்ணாம சேர்த்துட்டு வர்றேன். இப்போ பழைய 986, அதாவது 1996ல இருந்து 2004 வரைக்கும் வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர், கடன் இல்லாம வாங்குற அளவுக்குக் கையில காசு இருக்கு. ஆனா வாங்கிட்டா கை சுத்தமா காலி. வீட்டுல கேட்டா இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு சொல்றாங்க, ஃப்ரெண்ட்ஸ் கேட்டா உடனே வாங்குடாங்கிறாங்க. உண்மையிலேயே இந்த மாதிரி கார் வச்சிருந்தவங்க சொல்லுங்க, இப்பவே இறங்கலாமா?

பதில் 1:
தம்பி, நான் 25 வயசுல இதே தப்பைப் பண்ணவன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். தப்பு கார் வாங்கினது இல்ல, இருந்த காசு முழுக்க அதுல போட்டது. வாங்கின நாலாவது மாசம் கிளட்ச் போச்சு, கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தா இன்ஜினுக்குப் பின்பக்கம் ஆயில் கசிவு, சரி பண்ண காசு இல்ல. ஏழு மாசம் கவர் போட்டு நின்னுச்சு. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் போகணும், அந்தக் கவர் மேல தூசி படியறதைப் பார்க்கறது ரொம்பக் கொடுமை தம்பி, கார் இல்லாம இருந்தப்பகூட மனசு அப்படி வலிக்கல. பழைய ஸ்போர்ட்ஸ் காரோட விலைதான் குறையும், அதோட பார்ட்ஸ் விலை புதுசா வந்தப்ப இருந்த தரத்துலயேதான் நிக்கும். அதனால இருக்கற காசுல மூணுல ஒரு பங்கை ரிப்பேருக்குன்னு தனியா ஒதுக்கி வை, மிச்சத்துல என்ன கிடைக்குதோ அதுதான் உன் பட்ஜெட். இன்னொண்ணு, இன்ஷூரன்ஸ். வயசு கம்மி, பவர் ஜாஸ்தின்னா பிரீமியம் எகிறும். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே அதைக் கேட்டு வச்சுக்கோ.

பதில் 2:
மேல அண்ணன் சொன்னது சரிதான், ஆனா பொறுத்திருந்தவன் கதையையும் கேளுங்க. நான் 46 வயசுல வாங்கினேன். வீடு, பிள்ளைங்க படிப்புன்னு ஒவ்வொண்ணா முடிச்சுட்டு வாங்கினதால காசு கவலை இல்ல, கார்ல ஒரு குறையும் இல்ல. ஆனா ரெண்டே சீட், அதுவும் தரையோட தரையா இருக்கும், இறங்கி ஏற முட்டி கெஞ்சுது. ராத்திரி பதினோரு மணிக்கு சும்மா ஒரு ரவுண்டு போலாம் வாடான்னு கூப்பிட்டா வர்றதுக்கு ஆள் இல்ல, 25 வயசுல அப்படி வர்றதுக்கு அஞ்சு பேர் இருந்தாங்க. உங்களுக்குக் குழந்தை குட்டி வந்துட்டா ரெண்டு சீட் கார் வீட்டுக்கு உதவாது, அப்புறம் பல வருஷம் தள்ளிப்போகும். கடன் இல்லாம முடியும்னா வாங்குங்க தம்பி.

பதில் 3:
ப்ரோ, வயசை விடுங்க, எந்தக் காரை வாங்கறீங்கங்கறதுதான் முக்கியம். நான் இந்த இன்ஜின்கள்ல வேலை பார்த்திருக்கேன். 986ல எல்லாரும் பயப்படறது ஐஎம்எஸ் பேரிங், இன்ஜினுக்குள்ள இருக்கற இன்டர்மீடியட் ஷாஃப்ட்டோட பேரிங். அது உடைஞ்சா இன்ஜினே போயிடும். எல்லா காருக்கும் இது நடக்காது, ஆனா மாத்தியிருக்காங்களான்னு பில்லைக் கேளுங்க, மாத்தலைன்னா கிளட்ச் மாத்தற அன்னைக்கு அதையும் சேர்த்து மாத்திடுங்க, எப்படியும் கியர்பாக்ஸ் கீழ இறங்கியிருக்கும். 2009 மாடல்ல இருந்து வந்த புது இன்ஜின்ல அந்த ஷாஃப்ட்டே கிடையாது. வாங்கறதுக்கு முன்னாடி ஆயில் ஃபில்டரைக் கழட்டி மடிப்பை விரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, மினுமினுன்னு இரும்புத்தூள் தெரிஞ்சா யோசிக்காம வந்துடுங்க. அடுத்து ரூஃப் மடங்கற இடத்துல மழைத்தண்ணி போற ஓட்டை ரெண்டு பக்கமும் இருக்கும், சருகு அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ள இறங்கும், சீட்டுக்கு அடியில இம்மொபிலைசர் பாக்ஸ் (சரியான சாவி இல்லாம காரை ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு எலக்ட்ரானிக் பெட்டி) இருக்கு, அது நனைஞ்சா கார் ஸ்டார்ட்டே ஆகாது. கார்ப்பெட்டைக் கையால அழுத்திப் பாருங்க. முன் பம்பர் ஓட்டை வழியா டார்ச் அடிச்சு ரேடியேட்டரையும் பாருங்க, அங்கயும் குப்பை சேரும்.

பதில் 4:
மாஸ்டா எம்எக்ஸ்-5 யோசிச்சீங்களா? 1989ல இருந்து வருது, முதல் மாடல் சுமார் ஒரு டன் எடைதான், பார்ட்ஸ் ஈஸி, ஓட்டக் கத்துக்க அதைவிட நல்ல கார் இல்ல.

கேள்வி கேட்டவர்:
யோசிச்சேன் ப்ரோ, ஓட்டியும் பார்த்தேன், அருமையான கார்தான். ஆனா என் மனசுல இருக்கறது அந்த ஆறு சிலிண்டர் சத்தம், வேற எதை வாங்கினாலும் அதையே தேடிட்டு இருப்பேன்.

பதில் 5:
தம்பி, ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. பாக்ஸ்டர் இன்ஜின் நடுவுல, சீட்டுக்குப் பின்னாடி இருக்கற கார், வளைவுல அழகா திரும்பும், ஆனா ஈர ரோட்டுல வளைவுக்கு நடுவுல பயந்து சட்டுனு ஆக்சிலரேட்டரை விட்டா பின்பக்கம் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும். எனக்கு நடந்திருக்கு, எதிர்ல வண்டி வராததால தப்பிச்சேன். டயர்ல பட்டன் நிறைய இருந்துச்சு, ஆனா பக்கவாட்டுல இருந்த நாலு நம்பரை நான் பார்க்கவே இல்ல. 2314ன்னா 2014ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஓட்டாம நின்ன கார்ல டயர் பார்க்க புதுசாத்தான் இருக்கும், ரப்பர் கல்லு மாதிரி ஆயிருக்கும். முதல் செலவா நாலு டயரும் பிரேக் ஆயிலும் மாத்துங்க, அப்புறம் டிராக்ல ஒருநாள் கூட்டிட்டுப் போய் சொல்லித்தர்றவங்க பக்கத்துல உட்கார ஓட்டிப் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. இந்த வாரம் ரெண்டு கார் பார்த்தேன். முதலாவது செம பளபளப்பு, ஃபோட்டோல பார்த்தப்பவே வாங்கிடணும்னு இருந்துச்சு, நீங்க சொன்ன மாதிரி கார்ப்பெட்டை அழுத்தினேன், விரல் இடுக்குல தண்ணி வந்துச்சு, டயர் நம்பரும் பத்து வருஷத்துக்கு மேல. மனசே இல்லாம திரும்பி வந்தேன். ரெண்டாவது கார் பானட்ல பெயின்ட் மங்கியிருக்கு, டிரைவர் சீட் ஓரம் கிழிஞ்சிருக்கு, ஆனா ஓனர் ஒரு ஃபைல் நிறைய பில் வச்சிருக்கார், கிளட்ச்சும் பேரிங்கும் ஒண்ணா மாத்தின பில்லும் இருக்கு. விலையும் முதலாவதைவிடக் கம்மி, ரிப்பேர் காசு தனியா மிஞ்சும். இன்ஜின் சூடாகட்டும்னு மெதுவா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு அப்புறம் ஒருதடவை நல்லா மிதிச்சாரு, நான் பக்கத்து சீட்டுல இருந்தேன், அதே சத்தம், பஸ்ல கேட்டது. ஞாயித்துக்கிழமை லிஃப்ட்ல ஏத்தி ஃபில்டரைத் திறந்து பார்க்கறோம். அம்மாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க.