ஐயப் பகா எண்: என் பரிந்துரை

வணக்கம். ஆங்கிலத்தில் "probable prime" எனப்படுவதற்கு, அதாவது சோதனையில் தேறியும் பகா எண் என்று இன்னும் நிறுவப்படாத எண்ணுக்கு, எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்ற உரையாடலுக்கு என் பதில் இது. ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> "நிகழ்தகவுப் பகா எண்" என்றே வைத்துக்கொள்ளலாமே, நேர்ச்சொல்தானே?

எனக்கு இதில் உடன்பாடில்லை. 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் மெர்சென் எண்ணை (2-இன் ஓர் அடுக்கைவிட ஒன்று குறைந்த எண்) எடுத்துக்கொள்வோம். 4,10,24,320 இலக்கங்கள், லூக் டூரண்ட் கண்டறிந்தது. 2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு வரைகலைச் செயலி (GPU), இது பகா எண்ணாக இருக்கக்கூடும் என்று காட்டியது. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஓடிய, மெர்சென் எண் பகா எண்தானா என்று உறுதியாகச் சொல்லும் லூக்கா–லேமர் சோதனை அதை ஐயமற நிறுவியது. இடைப்பட்ட அந்த ஒரு நாளில் அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்பதுதான் நம் கேள்வி. பகடையில் ஆறு விழுமா என்பது போன்ற நிகழ்தகவு இதில் இல்லை. எண் எப்போதும் பகா எண்தான்; ஐயம் நம்முடையது. ஆகவே "ஐயப் பகா எண்" என்பதை முன்வைக்கிறேன்.

அந்த ஐயம் எங்கிருந்து வருகிறது? ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. ஆனால் மீதி 1 வந்துவிட்டால் அது பகா எண் என்று முடிவுகட்ட முடியாது. 341-ஐப் பாருங்கள். 2-இன் 340-ஆம் அடுக்கை 341-ஆல் வகுத்தால் மீதி 1; ஆனாலும் 341 = 11 × 31. அடிமானத்தை, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை, 3 ஆக்கினால் மீதி 56 வந்து குட்டு வெளிப்படுகிறது. 561 இன்னும் பொல்லாதது: தனக்குச் சார்பகா எண்ணான (1 தவிரப் பொது வகுத்தி இல்லாத) எந்த அடிமானத்திலும் பிடிபடாது. இப்படிச் சோதனையில் தேறிவிடும் பகு எண்களுக்குப் "போலிப் பகா எண்" (pseudoprime) மிகப் பொருத்தம். அதை முன்மொழிந்தவருக்கு நன்றி.

வரையறையில் அடிமானத்தைச் சொல்லியே ஆகவேண்டும். மெர்சென் எண்ணின் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், 2-ஐ அடிமானமாகக் கொண்ட சோதனையில் அது எப்போதும் தேறிவிடும். 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047-உம் தேறும், அது 23 × 89 ஆக இருந்தபோதிலும். அதனால்தான் மெர்சென் பகா எண் தேடலில் 3-ஐ அடிமானமாக வைக்கிறார்கள். கட்டுரைகளில் "3-அடிமான ஐயப் பகா எண்" என்று முழுதாக எழுதலாம்.

"ஐயம்" என்றால் ஏதோ குறை சொல்வதுபோல ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இவ்வளவு பெரிய எண்ணில் ஐயம் மிக மிகச் சிறியது என்பது சரிதான். ஆனால் நிறுவப்படும் வரை அது இருக்கிறது, பெயரிலும் இருக்கட்டும்.

இலங்கைப் பாடநூல்களில் "முதன்மை எண்" என்பதே வழக்கு. "ஐய முதன்மை எண்", "போலி முதன்மை எண்" ஆகியவை அங்கே இயல்பாக ஒலிக்குமா என்று இலங்கை நண்பர்கள் சொன்னால் நல்லது. இரு வடிவங்களையும் ஒரே பதிவில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.