ரைன்ஃபெல்ஸ் கோட்டை முற்றுகையில் விழவில்லை என்றால், இடிந்தது எப்படி?

கேள்வி:
ஜெர்மனியில், ரைன் ஆற்றின் இடக்கரையில் சாங்க்ட் கோர் ஊருக்கு மேலே நிற்கும் ரைன்ஃபெல்ஸ் கோட்டையைப் பற்றிப் படித்துவருகிறேன். 1692ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பெரும்படை முற்றுகையிட்டும் அதைக் கைப்பற்ற முடியவில்லை. அதே போரில் ஹைடல்பெர்க் கோட்டை 1689இலும் 1693இலும் தகர்க்கப்பட்டது. அவ்வளவு உறுதியாக நின்ற ரைன்ஃபெல்ஸ் இன்று கூரையற்ற சுவர்களாகக் கிடப்பதற்குக் காரணம் என்ன? பிற்காலத்தில் வேறொரு முற்றுகையில் அது விழுந்ததா?

மறுமொழி 1:
முற்றுகையில் அது விழவில்லை. ஆனால், 1692இல் நின்ற கோட்டையை இடைக்காலக் கோட்டையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. கட்சன்எல்ன்போகன் குலத்துக் கோமகன் ஐந்தாம் டீட்டர் 1245இல் இதைக் கட்டத் தொடங்கியபோது, ஆற்றில் செல்லும் கப்பல்களிடம் சுங்கம் தண்டுவதும் அந்த வருவாயைக் காப்பதுமே நோக்கமாக இருந்தன. சுங்கச் சுமையால் வெகுண்ட ரைன் நகரங்களின் கூட்டணி 1255இல் கோட்டையைச் சூழ்ந்துகொண்டு, ஓராண்டுக்கு மேல் முயன்றும் தோற்றுத் திரும்பியது. 1479இல் அந்தக் குலம் ஆண் வாரிசின்றி முடிவுற்றதால் கோட்டை ஹெஸ்ஸன் அரசர்களின் கைக்கு வந்தது. அவர்கள் அதை முதலில் மாளிகையாக அழகுபடுத்தினார்கள். பின்னர், பீரங்கிகளின் காலத்துக்கு ஏற்ப, 1657 முதல் 1674 வரை எர்ன்ஸ்ட் என்னும் ஹெஸ்ஸன் சிற்றரசர் அதைப் பெரும் அரணாக விரிவுபடுத்தினார். மதிலுக்கு வெளியே நிலத்தடியில் சுரங்க வழிகள் தோண்டப்பட்டு, முன்னேறி வரும் பகைவரின் காலடியிலேயே வெடிமருந்தை வெடிக்கச் செய்ய ஏற்பாடு இருந்தது. 1692இல் முற்றுகையிட்ட பிரெஞ்சுத் தளபதி தாலாரின் படையை எதிர்கொண்டவை இந்தப் புதிய அரண்களே.

மறுமொழி 2:
அழிவின் கதை 1794இல் தொடங்குகிறது. எனக்கு அது மிகுந்த வருத்தம் தரும் பகுதி. பிரெஞ்சுப் புரட்சிப் படை நெருங்கியபோது, கோட்டைத் தளபதி போரிடாமலேயே அதை ஒப்படைத்துவிட்டார். பின்னர் ஹெஸ்ஸன் அரசின் இராணுவ நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 1796, 1797ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் வெளி அரண்களையும், பிறகு மாளிகையையும் நடுக்கோபுரத்தையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கோட்டை தனியாருக்கு விற்கப்பட்ட பின்பு அது கல் எடுக்கும் இடமாக மாறியது. கோப்லென்ஸ் நகருக்கு எதிர்க்கரையில், அப்போது அப்பகுதியை ஆண்ட ஜெர்மானிய அரசான பிரஷ்யாவினர் 1817 முதல் கட்டிய எஹ்ரென்பிரைட்ஸ்டைன் அரணுக்கு இங்கிருந்தும் கற்கள் சென்றன. ஒரு கோட்டையை உடைத்து இன்னொன்றைக் கட்டுவது அக்காலத்துக்கு இயல்பானதே என்றாலும், வெடிக்குத் தப்பிய சுவர்களும் இப்படிப் பறிபோனதை என்னால் எளிதில் கடந்துசெல்ல முடியவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் எஞ்சியவை எவ்வாறு காப்பாற்றப்பட்டன? அங்கே செல்பவர்கள் எதைத் தவறாமல் பார்க்க வேண்டும்?

மறுமொழி 2:
1843இல் பிரஷ்ய இளவரசர் வில்ஹெல்ம், அதாவது பிற்காலத்தில் ஜெர்மன் பேரரசரானவர், இடிபாட்டை விலைக்கு வாங்கியதால் கல் எடுப்பது நின்றது. அவருடைய உறவினர்கள் அதே ஆற்றங்கரையில் ரைன்ஸ்டைன், ஸ்டோல்சன்ஃபெல்ஸ் ஆகிய கோட்டைகளைத் தங்கள் கால ரசனைக்கேற்ப மீண்டும் எழுப்பினார்கள். ரைன்ஃபெல்ஸ் அவ்வாறு புதுப்பிக்கப்படாதது நல்லதே என்பது என் கருத்து. எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்பதை இங்கே கல்லைப் பார்த்தே அறிய முடிகிறது.

தவறாமல் பார்க்க வேண்டியது பெரிய நிலவறை. ஏறத்தாழ 24 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கூடத்தின் வளைகூரையைத் தாங்க நடுவில் ஒரு தூண்கூட இல்லை. இப்போது அங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. சுரங்க வழிகளுக்குள் செல்வதாக இருந்தால் கைவிளக்கு கொண்டுசெல்லுங்கள். சில இடங்களில் மிகவும் குனிந்துதான் போக வேண்டும். அங்குள்ள அருங்காட்சியகத்தில், தகர்க்கப்படுவதற்கு முன் இருந்த கோட்டையின் மாதிரி வடிவம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டுச் சுற்றினால், வெறும் புல்வெளியாகத் தெரியும் இடங்களில் எவை நின்றன என்பது விளங்கும்.