ட்ரோம்சோ – லாங்இயர்பியென் விமானம்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

வடதிசை: பிப்ரவரி கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆர்க்டிக்கில் இருக்கும் நார்வே தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட் போகிறேன். வட நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து அங்குள்ள ஊரான லாங்இயர்பியென் 957 கி.மீ. என்று ஒரு தளம் சொல்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஆஸ்லோ – ட்ரோம்சோ தூரத்தைவிட அதிகமாகத் தெரிகிறதே? அம்மாவுக்கு முட்டிவலி, ரொம்ப நேரம் உட்கார முடியாது, அதனால்தான் கேட்கிறேன்.

நிலவரைபடம்: 957 சரிதான். நீங்களே போட்டுப் பார்க்கலாம்: ட்ரோம்சோ 69.7 பாகை வடக்கு, லாங்இயர்பியென் 78.2. பாதை கிட்டத்தட்ட நேர் வடக்கு, ஒரு பாகைக்கு 111 கி.மீ., ஆக 8.5 பாகைக்கு சுமார் 944 வரும், கொஞ்சம் மேற்கே சாய்வதால் மீதி. ஆஸ்லோ – ட்ரோம்சோதான் அதிகம், சுமார் 1,115 கி.மீ. தட்டை வரைபடம் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துக் காட்டும், அதை நம்பி எதையும் அளக்காதீர்கள். பறக்கும் நேரம் 1 மணி 40 நிமிடம் அளவில். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே.

பனிக்காலம்: பறக்கும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டால் போதாது. ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) வெளியே இருக்கிறது, ட்ரோம்சோவிலேயே பாஸ்போர்ட் சோதனை உண்டு, அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்குங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: அங்கே போக விசா வேண்டாம், ஆனால் நார்வேக்குத் திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஒரே நுழைவு விசா எடுத்தால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், வானிலை. நான் போனபோது ஓடுபாதை விளக்குகள் ஒரு நொடி தெரிந்தன, உடனே பனிப்புகை மூடிவிட்டது, விமானம் இரண்டு தடவை சுற்றிவிட்டு ட்ரோம்சோவுக்கே திரும்பியது. பக்கத்தில் இறங்க வேறு பெரிய விமான நிலையம் கிடையாது. மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளுக்கு எந்த முன்பதிவும் வைக்காதீர்கள்.

வடதிசை: விசா விஷயம் சுத்தமாகத் தெரியாது, நல்லவேளை சொன்னீர்கள், இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இறங்கியபின் அம்மா நிறைய நடக்க வேண்டியிருக்குமா?

பனிக்காலம்: நடை குறைவு, படிதான் சிரமம். அங்கே விமானத்தோடு ஒட்டும் பாலம் இல்லை. படிக்கட்டில் இறங்கி உறைந்த தரையில் கட்டடம்வரை நடக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள், செருப்புக்கு மாட்டும் இரும்பு முள் பட்டையைக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போட்டால் தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது. உள்ளே பெட்டி வரும் பட்டையின் நடுவில் பாடம் செய்த பனிக்கரடி ஒன்று நிற்கும், அம்மாவுக்குக் காட்டுங்கள். வெளியே பேருந்து விமான நேரத்துக்கே வந்து நிற்கும், ஊர் ஐந்து கிலோமீட்டர்தான்.

நிலவரைபடம்: முடிந்தால் மார்ச் 8 அன்று அங்கே இருக்கும்படி போங்கள். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் தெரியாது, அதன்பிறகும் மலை மறைப்பதால் அன்றுதான் ஊருக்குள் முதல் வெயில் விழும், ஊரே பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் கூடி நிற்கும்.

வடதிசை: அப்படியானால் தேதியை மாற்றிவிடுகிறேன். அம்மாவிடம் சொன்னேன், வெயிலுக்காகக் காத்திருக்கிற ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்.