தொட்டிக் கொசுவும் காவ்யா வளைகாப்பும்

குழு: பேச்சியம்மாள் வகையறா

வெள்ளி

செல்வி, காலை 6:48
எல்லோருக்கும் காலை வணக்கம். மழைக்காக பால்கனித் தொட்டிகளை ஹாலுக்குள் எடுத்து வைத்தேன் அல்லவா, அதிலிருந்து பொடிப்பொடியாகக் கருப்புக் கொசு கிளம்புகிறது. நேற்று சம்பந்தியம்மா வந்திருந்தார்கள். காபியில் ஒன்று விழுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வளைகாப்பு. என்ன செய்வது?

வள்ளி, 6:50
குடித்துவிட்டார்களா

செல்வி, 6:51
விரலால் எடுத்துப் போட்டுவிட்டு “இருக்கட்டும் மதினி” என்றார்கள்

முருகன், 6:51
அந்த அம்மா இருக்கட்டும் என்றால் பத்து வருஷத்துக்கு இருக்கும் அக்கா

மீனா, 6:55
டெங்கு கொசுவா மதினி? பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடு

காவ்யா, 6:58
கடிக்கவில்லை அத்தை. லேப்டாப் வெளிச்சத்துக்கு வந்து மூஞ்சியில் மோதுகிறது

வள்ளி, 7:01
வாழைப்பழம் தொங்க விட்டிருப்பாய்

செல்வி, 7:02
பழத்தை எல்லாம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். போகவில்லை

சண்முகம், 7:34
செல்வி, இது கொசு இல்லை. பழ ஈயும் இல்லை. பழ ஈ பழுப்பாக, கொஞ்சம் குண்டாக, சிவப்புக் கண்ணோடு இருக்கும். உன் வீட்டில் இருப்பது ஒல்லிக் கால், கருப்பு உடம்பு, 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். ஒழுங்காகப் பறக்கவும் தெரியாது, மண்ணை ஒட்டியே தத்தித் தத்திப் போகும். சியாரிட் ஈ என்று பெயர். காளான் போட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். மனிதரைக் கடிக்காது. தொடரும்.

வள்ளி, 7:35
அண்ணன் தொடரும் போட்டுவிட்டார். நான் இட்லி ஊற்றப் போகிறேன்

முருகன், 7:36
ஊரில் வேறு உதாரணமே கிடைக்கவில்லையா?

சண்முகம், 7:52
பறப்பதை விரட்டிப் பயன் இல்லை. அது ஒரு வாரம், பத்து நாளில் தானே செத்துவிடும். ஆனால் அதற்குள் ஒரு ஈ ஈர மண்ணில் 100, 200 முட்டை வரை வைத்துவிடும். முட்டையிலிருந்து வருவது வெள்ளைப் புழு, தலை மட்டும் கடுகு போலக் கருப்பு. மண்ணில் மக்கியதையும் பூஞ்சையையும் தின்னும், கூட்டம் பெருத்தால் பிஞ்சு வேரையும் கடிக்கும். முட்டை மறுபடி ஈயாக 3, 4 வாரம் ஆகும். ஆகவே ஞாயிற்றுக்குள் அடியோடு ஒழியாது. குறைக்கலாம். மேல்மண் இரண்டு அங்குலம் நன்றாகக் காய வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் முட்டையும் புழுவும் தாங்காது. @முருகன் பொதுவாகத்தான் சொன்னேன்.

முருகன், 7:55
என் காளான் குடிலுக்கு வலை அடிக்கப் பணம் கேட்டபோது சணல் சாக்கு போதும் என்றதும் பொதுவாகத்தானா?

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா, 7:58
காலையிலேயே வேண்டாம்

பிரபு, 8:20
அத்தை, பிடிஐ என்று ஒரு பாக்டீரியா மருந்து இருக்கிறது. கொசுப் புழுவுக்குப் போடுவது. தண்ணீரில் கலந்து மண்ணில் ஊற்றினால் இந்தப் புழுவும் சாகும். வாரம் ஒரு முறை ஊற்ற வேண்டும். இங்கே சிங்கப்பூரில் தொட்டித் தட்டில் தண்ணீர் நின்று கொசு வளர்ந்தால் அபராதமே உண்டு

வள்ளி, 8:21
தம்பி சாப்பிட்டாயா

செல்வி, 8:25
அண்ணே, மண் காயவே மாட்டேன் என்கிறதே. நான் காலையில் ஒரு சொம்புதான் ஊற்றுகிறேன்

ராஜேந்திரன், 8:40
நான் சாயங்காலம் ஊற்றுகிறேன்

செல்வி, 8:40
எப்போதிலிருந்து?

ராஜேந்திரன், 8:41
ரிட்டயர் ஆனதிலிருந்து

காவ்யா, 8:43
அப்பாயி மத்தியானம் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுகிறது. டீத்தூளும் போடுகிறது. நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்

முருகன், 8:44
மூன்று வேளைச் சாப்பாடு. எனக்கே வீட்டில் இரண்டு வேளைதான்

மீனா, 8:44
அப்படியா

சண்முகம், 8:59
இதுதான் காரணம். மண்ணில் தென்னை நார்க்கழிவு வேறு கலந்திருக்கிறாய், அது பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். எல்லோரும் ஊற்றுவதை நிறுத்துங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டு. எந்தத் தொட்டியில் புழு என்று தெரிய, உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மண்மேல் அழுத்தி வை. இரண்டு நாளில் புழு அடியில் வந்து ஒட்டும். திருப்பிப் பார்.

சனி

மீனா, காலை 11:10
மதினி, வளையல் எத்தனை டஜன்? கடைக்காரர் கேட்கிறார்

செல்வி, 11:32
25 போதும். கண்ணாடி மட்டும். கலவை சாதம் 5 வகையா 7 வகையா?

வள்ளி, 11:33
7. எனக்குச் செய்தபோது 5 என்று அம்மா கடைசிவரை வருத்தப்பட்டது

செல்வி, 11:34
அதை இப்போது ஏன்

முருகன், 11:40
பெரிய பித்தளை அண்டா யார் வீட்டில் இருக்கிறது? புளிசாதத்துக்கு வேண்டும்

(2 மணி நேரம் யாரும் பதில் எழுதவில்லை)

சண்முகம், பிற்பகல் 1:45
மஞ்சள் நிறம் இந்த ஈயை இழுக்கும். மஞ்சள் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி, விளக்கெண்ணெய் தடவி, மண்ணுக்கு ஒட்டினாற்போல் நட்டு வை. எண்ணெய் காயக் காய மறுபடி தடவு.

முருகன், 1:46
அண்டா?

ஞாயிறு

செல்வி, காலை 7:15
அண்ணே, 14 தொட்டியிலும் கிழங்கு வைத்தேன். இப்போது பார்த்தால் ஒன்றும் இல்லை

சண்முகம், 7:16
புழு இல்லையா?

செல்வி, 7:16
கிழங்கே இல்லை

காவ்யா, 7:20
அப்பாயி எடுத்துக் கழுவித் தட்டில் வைத்திருக்கிறது. வீணாகக் கிடந்ததாம்

வள்ளி, 7:21
ஐயோ. பொரியல் ஆகிவிட்டதா?

செல்வி, 7:24
இல்லை, பிடுங்கிக் குப்பையில் போட்டேன். இரண்டு மணிபிளான்ட் தொட்டிக் கிழங்கு அத்தை கண்ணில் படவில்லை. அடியில் நூல் நூலாக வெள்ளையாக ஐந்தாறு நெளிகிறது. தலை கருப்பு. படம் போட்டிருக்கிறேன்

மீனா, 7:25
சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் மதினி

முருகன், 7:31
சும்மா சொல்லவில்லை, என் குடிலில் வந்தது இதேதான். பை முழுக்க இதுதான் நெளிந்தது

சண்முகம், 7:50
தெரியும். நானும் பார்த்தேன்.

செல்வி, 7:58
பூச்சிமருந்து அடித்துவிடலாமா?

சண்முகம், 8:02
வேண்டாம். காவ்யா இருக்கும்போது வீட்டுக்குள் ஸ்ப்ரே எதுவும் அடிக்காதே. புழு கண்ட இரண்டு தொட்டியில் மேல்மண்ணைச் சுரண்டி வெளியே போட்டுவிட்டு, ஒரு அங்குலம் காய்ந்த ஆற்று மணல் போடு. தண்ணீர் தேவைப்பட்டால் தட்டில் ஊற்றி அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டு. அடிவழியாக உறிஞ்சிக்கொள்ளும், மேலே காய்ந்தே இருக்கும்.

மீனா, 8:05
வேப்பம் புண்ணாக்கு தூவினால்?

சண்முகம், 8:09
ஈர மண்மேல் தூவினால் அதிலேயே பூஞ்சணம் பிடிக்கும். அப்புறம் பார்க்கலாம்.

செவ்வாய்

செல்வி, மாலை 5:40
மஞ்சள் அட்டையில் எண்ணினேன், ஒன்றில் மட்டும் 43. எள்ளைத் தூவின மாதிரி இருக்கிறது. வீட்டில் பறப்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மண்டகப்படி மாதிரி ஹால் முழுக்க மஞ்சள் அட்டை. வளைகாப்பு அன்று என்ன செய்ய?

முருகன், 5:42
டெக்கரேஷன் என்று சொல்லிவிடு அக்கா

வள்ளி, 5:44
அன்று ஒரு நாள் தொட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டால் ஆயிற்று

செல்வி, 5:45
மழை பெய்தால் மறுபடி நனையும். தகரக் கொட்டகைக்குக் கீழே வைக்கலாம். 14 தொட்டியை யார் தூக்குவது?

பிரபு, 5:50
நான் சனி இரவுதான் வருகிறேன் அத்தை

முருகன், 5:58
எனக்கு இடுப்பு

மீனா, 5:58
அவருக்கு இடுப்பு

சண்முகம், 6:10
ஆள் வைத்துக்கொள்ளலாம். பிறகு பேசுவோம்.

செல்வி, 7:05
இன்னொன்று. சம்பந்தியம்மா இப்போதுதான் போன் செய்தார்கள். ஹாலில் இருக்கிற மணிபிளான்ட் அழகாக இருக்கிறதாம், வளைகாப்புக்கு வரும்போது ஒரு தொட்டி எடுத்துக்கொள்வார்களாம்

வள்ளி, 7:05
புழுத் தொட்டியா 😳

முருகன், 7:06
கொடு அக்கா. இருக்கட்டும்

சண்முகம், 7:15
மண்ணோடு கொடுக்காதே. கணு வைத்து இரண்டு கொடி வெட்டி, பாட்டில் தண்ணீரில் போட்டுக் கொடு. வேர் விட்டுவிடும்.

செல்வி, 7:17
தொட்டி என்று கேட்டவருக்குப் பாட்டிலைக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்?

மீனா, 7:18
ஆமாம் மதினி, அதுவும் இருக்கிறது

முருகன், 7:20
அந்த அண்டா விஷயம்

ராஜேந்திரன், 7:31
சாயங்காலத் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா? சொம்போடு நிற்கிறேன்