கயிறு இழுத்துக் கை பொத்துப்போன கதைகள்

காரைநகர்:
வள்ளத்து மோட்டர் எடுக்காமல் கயிறு இழுத்துக் களைச்ச கதை எல்லாரிட்டையும் ஒண்டு இருக்கும். நான் தொடக்கி வைக்கிறன், உங்கட கதையளையும் போடுங்கோ.

எங்கட வள்ளத்தில பூட்டியிருக்கிறது 15 குதிரைவலு மோட்டர். கரையை விட்டுக் கால் மணித்தியாலம் வராது, இருமி இருமி நிண்டுட்டுது. இழுக்க எடுக்கும், உடன நிக்கும். ஸ்பாக் பிளக்கைக் கழட்டினால் காய்ஞ்சு கிடக்குது. எண்ணெய் வரேல்லை எண்டு அதிலயே விளங்கியிருக்க வேணும். நானோ ஆடுற வள்ளத்தில காபரேற்றரைக் கழட்ட வெளிக்கிட்டன். அத்தான்தான் எண்ணெய்க் குழாயில இருக்கிற றப்பர் குமிழைக் காட்டினவர். சூப்பின மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. தாங்கி மூடியில இருக்கிற காத்துத் திருகாணி பூட்டினபடி! சைக்கிளில கொண்டு வரேக்க சிந்தக்கூடாது எண்டு இறுக்கினது நான்தான். திறக்க ‘உஸ்’ எண்டு காத்து உள்ள போச்சுது, குமிழ் புடைச்சுது, ரெண்டாவது இழுவையில மோட்டர் எடுத்திட்டுது. அத்தான் ஒண்டும் சொல்லேல்லை, கரை வரைக்கும் சிரிச்சுக்கொண்டு வந்தார்.

மற்றது 2022 ஓகஸ்ட், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஏறின நேரம். எங்கட மோட்டரைப் பெற்றோலில எடுத்து, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. நிப்பாட்ட முதல் திரும்பவும் பெற்றோலுக்கு மாத்த வேணும். மிச்சம் பிடிக்கிறன் எண்டு அதை விட்டன். விடியக் காலமை காபரேற்றர் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய், பிளக் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வடிச்சுத் துடைச்சு வெளிக்கிடேக்க மற்ற வள்ளங்கள் கண்ணுக்கே தெரியேல்லை. மிச்சம் பிடிச்ச பெற்றோல் அரைக் கோப்பையும் வராது.

பாம்பன்:
அண்ணே, அந்தத் திருகாணி நம்ம கரையிலயும் அதே வேலையத்தான் காட்டும். எனக்கு வந்தது தண்ணிப் பிரச்சினை.

எஞ்சின் பின்னாடி தண்ணி பீச்சும்ல, அது ஒரு நாள் நூல் மாதிரி இளைச்சுப்போச்சு. அடிப்பகுதிய இறக்கிப் பாத்தா, தண்ணி பம்புல இருக்குற ரப்பர் இம்பெல்லர்ல ரெண்டு இலையக் காணோம். புதுசு போட்டேன். அப்பவும் அதே நூல்தான். கடைக்காரர் டூப்ளிகேட்ட குடுத்துட்டாருன்னு ரெண்டு நாள் திட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். சித்தப்பா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: “பிஞ்ச ரெண்டு இலையும் எங்கடா போச்சு?”

தண்ணி ஏறுற குழாய்க்குள்ள ரெண்டும் சொருகிக் கெடந்துச்சு. கம்பி விட்டு எடுத்ததும் பழையபடி பீச்ச ஆரம்பிச்சிருச்சு.

இலை பிஞ்சதுக்குக் காரணமும் நான்தான். ரிப்பேர் பாத்துட்டுக் கரையிலயே ‘சும்மா அரை நிமிஷம்’ ஓட்டிப் பாக்குற பழக்கம். அந்த ரப்பருக்குத் தண்ணிதான் வழுக்கல், அது இல்லாம சுத்துனா தேஞ்சு பிஞ்சிரும். இப்ப டிரம்ல நல்ல தண்ணி நெரப்பி, அதுல எறக்கித்தான் ஓட்டுறேன். உள்ள இருக்குற உப்பும் கழுவிரும்.

மட்டக்களப்பு:
என்னுடையது வாவியில் ஓடும் 2 குதிரைக் குட்டி மோட்டர். தண்ணீருக்குள் கிடந்த கட்டையில் புரொப்பல்லர் அடிபட்டதும், அதை அச்சோடு பிணைக்கும் ‘பின்’ என்ற சிறு கம்பித் துண்டு உடைந்தது. உடையத்தான் அந்தப் பின்னை வைத்திருக்கிறார்கள். கையில் வேறு பின் இல்லாததால் இரும்பு ஆணியை வெட்டிப் போட்டேன். அடுத்த கட்டையில் ஆணி அப்படியே இருந்தது, கியர்தான் போனது. பின்னின் விலையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இன்னொன்று. போன கிழமை கியர் எண்ணெய் மாற்றும்போது பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. என்னவாக இருக்கும்?

காரைநகர்:
தண்ணி உள்ள போயிருக்குது. புரொப்பல்லரைக் கழட்டி அச்சைப் பாருங்கோ. தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சுத்தி, தண்ணி உள்ள போகாமல் தடுக்கிற றப்பர் ‘சீல்’ஐ வெட்டியிருக்கும். இனி ஓட வேண்டாம்.

மட்டக்களப்பு:
கழற்றினேன். ஒரு முழம் தங்கூசி.