தோட்டத்துப் பறவை: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சந்திப்பு (அனுபவப் பகிர்வு)

வேலியோரம்:

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தத் திரி.

அக்டோபர் முதல் வாரம், விடிந்தும் விடியாத நேரம். தோட்டத்தைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலில் 'தொப்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஆறுமணிக்குருவி. தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சை முதுகு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் பக்கம் அடியில் குங்குமச் சிவப்பு, வால் என்று ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். ஏழெட்டு வருடமாக அந்தியில் அதன் இரட்டை விசிலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். புதருக்குள் எத்தனை நாள் குனிந்து தேடியிருப்பேன். முதல் தடவை முழுசாகப் பார்த்தது என் உள்ளங்கையில்.

ஒரு கோழிமுட்டை கனம்தான் இருக்கும். அலகைத் திறந்து திறந்து மூடியது. தாகம் போல என்று நினைத்துவிட்டேன். விரல் நுனியில் தண்ணீர் தொட்டு அலகுக்குள் சொட்டு விட்டேன். மூன்றாவது சொட்டில் ஒரு உதறல். பறவைக்குக் கீழ் இமைதான் மேலே ஏறி மூடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கேள்வி ஒன்றும் இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எந்தப் பறவை என்று தெரியாமல் போனது, தப்பாக நினைத்தது, எதுவானாலும் சரி.

கிணற்றடி:

எங்கள் வீட்டுக் கண்ணாடியில் மோதியது மரகதப்புறா. பிழைத்துக்கொண்டது. என் கதை அவ்வளவுதான், ஆனால் சில விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மோதி விழுந்த பறவைக்குத் தண்ணீர் புகட்டவே கூடாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாய் வாய் இருக்கிறது, விடும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். அலகைத் திறந்து மூடுவது அதிர்ச்சியில் மூச்சு வாங்குவது, தாகம் இல்லை. அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, உள்ளே ஒரு துணி விரித்து, பறவையை வைத்து மூடி, சந்தடி இல்லாத இடத்தில் வைத்துவிட வேண்டும். இருட்டில் தானாக அடங்கும். ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திறந்தால், பிழைக்கக்கூடியது பெரும்பாலும் பறந்துவிடும். நடுவில் நடுவில் திறந்து பார்க்கக் கூடாது.

அடுத்து கண்ணாடி. பறவை கண்ணாடியைப் பார்ப்பதில்லை, அதில் தெரியும் மரத்தைப் பார்த்துத்தான் வருகிறது. அதனால் உள்பக்கம் திரை போட்டோ ஸ்டிக்கர் ஒட்டியோ பெரிய பலன் இல்லை. வெளிப்பக்கம் ஒட்ட வேண்டும். கடையில் விற்கும் ஒற்றைப் பருந்துப் படம் சுத்த வேஸ்ட், அதைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் மோதும். 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று கண்ணாடி முழுக்க வைக்க வேண்டும். பெயின்ட் பேனா போதும். அதுவும் ஆறுமணிக்குருவி இரவில் வலசை வரும் பறவை. செப்டம்பர், அக்டோபரில் தென்னிந்தியாவுக்கு வந்து சேரும்போது களைத்துப்போய்த் தாழப் பறக்கும். அந்த இரண்டு மாதம் இரவில் தோட்டத்து விளக்கையும் அணைத்துவிடுங்கள். நீர்த்தொட்டி வைத்திருந்தால் அதையும் கண்ணாடியிலிருந்து தள்ளி வைக்கவும். வைத்திருக்கிறீர்களா?

வேலியோரம்:

கிணற்றடி, மூன்று வருடத்தில் இதையெல்லாம் நானும் படித்துவிட்டேன். அதனால்தானே உறுத்துகிறது.

நடவுக்காரன்:

என்னுடையது சோகம் இல்லை, அவமானம்.

பறவைச் சத்தம் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி ஒன்றைப் புதிதாக இறக்கியிருந்தேன். பாத்தி கொத்திப் போட்ட காலை. பின்னாலேயே ஏழெட்டு மைனாக்கள் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. திடீரென்று 'கி-க்கீ' என்று கூர்மையாக ஒரு குரல். மைனாக்கள் கூட்டமாக எழும்பி ஓடின. செயலியில் பார்த்தால் வைரி, சின்னப் பறவைகளை அடிக்கும் வேட்டைப் பறவை. ஆஹா, தோட்டத்துக்கு வைரி வந்துவிட்டது என்று குடும்பத்தையே கூப்பிட்டு மரம் மரமாகக் காட்டிக்கொண்டிருந்தேன். காணோம்.

ஐந்து நிமிடத்தில் அதே குரல் மறுபடியும். இந்தத் தடவை பத்தடி தூரத்தில், சொட்டுநீர்க் குழாய்க்கு நட்ட குச்சி மேல் இருந்து. உட்கார்ந்திருந்தது கரிச்சான். வால் இரண்டாகப் பிளந்து, கறுகறு என்று, சந்தேகமே இல்லை. என் கண் முன்னால் அலகைத் திறந்தது, வைரியின் குரல் வந்தது. மைனாக்கள் திரும்பவும் ஓடின. இவர் நிதானமாக இறங்கி, ஒரு மைனா போட்டுவிட்டுப் போன வெள்ளைப் புழுவை எடுத்துக்கொண்டு குச்சிக்கே திரும்பிவிட்டார். என் மகள் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

ஓலைத்தட்டி:

வைரி என்றால் வல்லூறுதானே? எங்கள் பக்கம் வல்லூறு என்றுதான் சொல்வோம்.

நடவுக்காரன்:

அதேதான். சிலர் வல்லூறு என்று வேறு பெரிய பறவையைச் சொல்வதால் நான் வைரி என்று எழுதினேன். சண்டைக்கு வராதீர்கள்.

புல்மேடு:

சண்டைக்கு நான் வருகிறேன். செயலி என்ன தப்புச் செய்தது? அது கேட்டது வைரியின் குரல், சொன்னது வைரி. கரிச்சான் மைனாவையே ஏமாற்றியிருக்கிறது, போன் எந்த மூலை? செயலி சொன்னதும் தலையை நிமிர்த்திப் பார்க்காமல் குடும்பத்தைக் கூப்பிட்டது யார்? குரல் பாதி, கண் பாதி. அலகின் வடிவம், வாலின் நீளம், உட்காரும் விதம், தரையில் தத்துகிறதா நடக்கிறதா, இதெல்லாம் பார்த்த பிறகுதான் நிறத்துக்கே வர வேண்டும். நிறம் ஏமாற்றும். தேன்சிட்டையே பாருங்கள், ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கறுநீலத்தை உதிர்த்துவிட்டு மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிச்சம் இருக்கும். அதைப் புதுப் பறவை என்று எத்தனை பேர் படம் போடுகிறார்கள்! நானும் போட்டேன், அது வேறு விஷயம்.

செம்பருத்தி:

நடவுக்காரன் அண்ணா, உங்களுக்கு ஐந்து நிமிடம், எனக்கு நான்கு வருடம்.

பப்பாளி மரத்தில் ஒரு பறவை வரும். உடம்பு முழுக்கப் பழுப்பில் வெள்ளைப் புள்ளி, வாலில் பட்டை பட்டையாக, கண் ரத்தச் சிவப்பு. பருந்து வகை என்று முடிவு கட்டிவிட்டேன். பருந்து ஏன் பப்பாளி தின்கிறது என்ற கேள்வி வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். "எங்கள் தோட்டத்துப் பருந்து சைவம்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் அது பழத்துக்குள் தலையை விட்டிருந்தபோது பக்கத்துக் கிளைக்கு ஒரு ஆண் குயில் வந்து உட்கார்ந்தது. கறுப்புக் குயில், அதை யாருக்கும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பின. அதே சிவப்புக் கண், அதே சாம்பல் பச்சை அலகு. நான் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். நான்கு வருடமாகப் பெண் குயிலைப் பருந்து என்று சொல்லி வந்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை பாருங்கள், அதுதான் இன்னும் ஆச்சரியம்.

ஓலைத்தட்டி:

குயிலுக்கு எல்லாம் பப்பாளி வளர்க்காதீர்கள் அக்கா. காக்கை கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற சோம்பேறிக் கூட்டம். காக்கைக் குஞ்செல்லாம் பட்டினி கிடக்கும்.

செம்பருத்தி:

பெண் குயில் முட்டையிடப் போகும்போது காக்கை பிடித்தால் சிறகைப் பிய்த்துவிடும். அது சோம்பேறித்தனமா? தவிர, குயில் குஞ்சோடு காக்கைக் குஞ்சும் சேர்ந்து வளர்ந்து பறப்பதும் உண்டு. "கூட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள், செம்போத்தும் குயில் குடும்பம்தான். தானே கூடு கட்டி, தானே அடைகாத்து, தானே இரை கொடுக்கிறது.

மொட்டைக்கிளை:

நான் பறவையைப் பற்றி எழுதவில்லை, ஒரு கிளையைப் பற்றி எழுதுகிறேன்.

வேப்பமரத்தில் பட்டுப்போன கிளை ஒன்று இருந்தது. காற்றில் விழுந்துவிடும் என்று ஒரு மாலை அறுத்துப் போட்டேன். கீழே விழுந்த பிறகுதான் பார்த்தேன், அடிப்பக்கத்தில் கம்பாஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்ட ஓட்டை. உள்ளே ஒன்றும் இல்லை, புதிதாகக் குடைந்த மரவாசனை மட்டும். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

மறுநாள் காலை செம்மார்புக் குக்குறுவான் வந்தது. நாள் முழுக்க 'டுக் டுக் டுக்' என்று செம்பு தட்டுமே, அதுதான். நேராகப் பறந்து வந்து, கிளை இருந்த இடத்தில், வெறும் காற்றில், சிறகடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றது. சரியாக அந்த ஓட்டை இருந்த உயரத்தில். போய் எதிர்க் கிளையில் உட்கார்ந்தது. திரும்பவும் வந்து நின்றது. நான் எண்ணியவரை ஆறு தடவை.

புல்மேடு:

பட்ட கிளையை ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் விட்டுவைக்கலாம். முழுசாக அறுக்காமல், ஆபத்தான நுனியை மட்டும் வாங்கிவிட்டு, அடிக்கட்டையை நிற்க விட்டால் போதும். மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து போட்ட ஓட்டையில் அடுத்த வருடம் வேறு ஏதாவது ஒன்று குடிவரும். தொங்கவிடும் கூட்டுப்பெட்டி எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

தினைத்தட்டு:

புல்மேடு சொல்வது எல்லாம் சரி, ஆனால் எல்லோருக்கும் எல்லாமே தெரிந்த மாதிரிப் பேசுகிறார். இருக்கட்டும்.

தட்டில் தினையும் கம்பும் போட்டு வைப்பேன். முதலில் புறா, அப்புறம் சில்லை, அப்புறம் கிளி. கண் கொள்ளாது. ஒரு மதியம் தட்டில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தட்டின் நடுவில் வைரி (இது நிஜ வைரி) ஒரு புள்ளிப்புறாவின் மேல் சிறகை விரித்து மூடிக்கொண்டு நின்றது. புறாவின் ஒரு கண் தெரிந்தது. வைரி என்னைப் பார்த்தது. நான் கை தட்டியிருக்கலாம். தட்டவில்லை. விரட்டுவது சரியா தப்பா என்று யோசித்து முடிப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தினை மேல் சாம்பல் நிற இறகு நான்கு.

அதற்கும் குஞ்சு இருக்கும், தெரியும். ஆனால் தட்டு வைத்தது நான்தானே?

கிணற்றடி:

தட்டை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரே இடத்தில் நிறையக் கொட்டினால் வைரிக்கும் பூனைக்கும் விலாசம் எழுதி வைத்த மாதிரிதான். எச்சமும் தானியமும் கலந்து கிடந்தால் நோய் வேறு பரவும். கொஞ்சமாகப் போட்டு, தட்டைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துத்தான் மறுபடி போட வேண்டும்.

எனக்குக் கேட்டால் தானியத்தைவிடத் தண்ணீர் நல்லது. தானியம் தின்னாத பறவைகூடக் குடிக்கவும் குளிக்கவும் வரும். அகலமான மண் தட்டு, ஆழம் 2 முதல் 5 சென்டிமீட்டர், வழுக்காத அடிப்பக்கம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். தினமும் மாற்றினால் கொசு வராது. மரம் வைக்க இடம் இருந்தால் அத்தியும் சிங்கப்பூர் செர்ரியும் வையுங்கள், பழந்தின்னிகள் அங்கேயே கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேல் பூச்சிமருந்தை நிறுத்துங்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். காய்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தவும் வேண்டாம். வேலியோரம், நீங்கள் தேடிய ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டித்தான் வயிறு வளர்க்கிறது.

வேலியோரம்:

சருகு இருக்கிறது கிணற்றடி. நீர்த்தொட்டியும் இருக்கிறது. கண்ணாடியில் புள்ளியும் வைத்தாயிற்று, வெளிப்பக்கம்தான், 5 சென்டிமீட்டர்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

புதுசு:

நான் புதியவன். கடந்த டிசம்பரில் ஒரு பறவை பார்த்தேன், இன்று வரை பெயர் தெரியவில்லை. தோட்டத்தின் நிழலான பக்கம், பாதையில் தரையிலேயே நடந்துகொண்டிருந்தது. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை, மேல் பட்டை முழுசு, கீழ்ப் பட்டை நடுவில் அறுந்தது. நான் அசைந்ததும் எழும்பி மரக்கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. படம் இல்லை.

புல்மேடு:

வாலை மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? இது முக்கியம்.

புதுசு:

பக்கவாட்டில். உடம்பின் பின்பாதியே சேர்ந்து ஆடியது.

புல்மேடு:

அப்படியானால் கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் எல்லாம் மேலும் கீழும்தான் ஆட்டும், இது ஒன்றுதான் இடமும் வலமுமாக ஆடும். எழும்பினால் மரத்தில் உட்காரும் பழக்கமும் இதற்குத்தான் அதிகம். குளிர்காலத்து விருந்தாளி. சிறகில் மஞ்சள் கலந்த வெள்ளைப் பட்டை இரண்டு பார்த்தீர்களா?

புதுசு:

சிறகைப் பார்க்கவில்லை ஐயா. வாலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நீங்கள் இவ்வளவு உறுதியாகச் சொன்ன பிறகு, பக்கவாட்டில்தான் ஆடியதா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.