தியானத்தில் உங்களை மறித்த நீவரணம் (மனத்தடை) எது? அனுபவத்தைப் பகிருங்கள்

மலைக்காற்று:
பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனவர்களுக்கு அதிட்டானம் தெரிந்திருக்கும், கை கால் அசைக்காமல் கண் திறக்காமல் ஒரு மணி நேரம். எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர் ஓயாமல் தொண்டையைச் செருமுவார். முதலில் எரிச்சல், அப்புறம் கோபம், அப்புறம் அவர் செருமப்போகிற நொடிக்கு முன்னாலேயே என் தோள் இறுகிவிடும். முகாமில் உதவிக்கு இருக்கும் தம்ம சேவகரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே இருந்தேன். இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான், நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் மதியம் அவர் ஹாலுக்கு வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். நிம்மதியாக உட்கார வேண்டியதுதானே? என் காது பின்பக்கமே போய் நின்றது. எங்கே போனான், இப்போது பார், பாதியில் கதவைத் திறந்துகொண்டு வந்து கெடுப்பான் என்று, அவர் இருந்தபோது இருந்ததைவிடக் கோபம் அதிகமாக எரிந்தது. ஆளே இல்லை, சத்தமே இல்லை! புத்தரின் பேச்சுத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்து ஆகார சூத்திரத்தில் ஒவ்வொரு நீவரணத்துக்கும் தீனி எது என்று புத்தர் சொல்கிறார். வியாபாதத்துக்கு, அதாவது கோபத்துக்கும் வெறுப்புக்கும் தீனி, வெறுப்பைக் கிளப்பும் ஒன்றை முறையில்லாமல் திரும்பத் திரும்ப மனதில் போட்டுக்கொள்வது. போகும் முன்னாலேயே படித்திருந்தேன். வெளியிலிருந்து தீனி வராவிட்டால் மனம் தானே கிளம்பிப் போய் இரை தேடிக்கொண்டு வரும் என்பதை அங்கேதான் பார்த்தேன். ஆபீசில் நான் மல்லுக்கட்டும் ஆட்களில் எத்தனை பேர் உண்மையில் என் எதிரில் இருக்கிறார்கள் என்ற கேள்வி இன்னும் விடவில்லை.

தேயிலைச்சரிவு:
எனக்கு நித்திரைதான். தீனமித்தம் என்கிற சோர்வும் தூக்கமும். அம்மா காலமானதற்கு அடுத்த வருசம் கண்டிப் பக்கம் நிலம்பே தியான நிலையத்துக்குப் போயிருந்தேன், மின்சாரம் இல்லாத இடம், இருட்டினால் மெழுகுதிரிதான். வீட்டில் இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிற எனக்கு, அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரத்திலேயே தலை தொங்கி நாடி நெஞ்சில் இடிக்கும். அங்கே தங்கியிருந்த தச சில் மாதா (பௌத்தப் பெண் துறவி) ஒருவரிடம் கேட்டேன். அவர் புத்தரின் சீடர் மொகல்லானரின் கதையைச் சொன்னார். மகத நாட்டில் கல்லவாளபுத்தம் என்ற ஊரில் மொகல்லானர் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தபோது புத்தர் சொன்ன உபாயங்கள்: தூக்கம் வரும்போது மனதில் இருந்ததை விட்டுவிடு, கற்ற தம்மத்தை நினை, வாய்விட்டு ஓது, காதை இழு, கை கால்களைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி நட்சத்திரங்களைப் பார். நான் காதையும் இழுத்தேன், முகமும் கழுவினேன், குளிரில் வெளியே வந்து தேயிலைச் சரிவுக்கு மேலே நட்சத்திரம் பார்த்தேன். முழுக்க விழிப்பு. திரும்ப வந்து உட்கார்ந்தேன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவின் கை நினைவில் எழும்பி வந்தது, அந்தக் கணமே யாரோ தலையில் போர்வையைப் போட்டதுபோல நித்திரை. இன்னொரு தரமும் அப்படியே. அந்தக் கை வரும், நித்திரை வரும். முதல் உபாயம் ஏன் முதலில் இருக்கிறது என்று அப்போது விளங்கியது. ஆனால் அம்மாவின் கையை எப்படி நான் மனதிலிருந்து விடுவது? சில் மாதாவிடம் இதைக் கேட்க வாய் வரவில்லை.

வேலூர் வாத்தியார்:
மேலே சகோதரி எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. தூக்கம் எல்லாவற்றையும் நீவரணக் கணக்கில் எழுதிவிடுகிறோம். உடம்புக்குத் தூக்கம் வேண்டும். மச்சிம நிகாயத்தில் சச்சகன் என்ற வாதக்காரன் புத்தரைப் பார்த்தே கேட்கிறான், நீங்கள் பகலில் தூங்கியதுண்டா என்று. கோடையின் கடைசி மாதத்தில், உண்டபின், சங்காடியை (மேல் போர்வையை) நான்காக மடித்துப் போட்டு வலப்பக்கம் சாய்ந்து நினைவோடு தூங்கியது ஞாபகம் இருக்கிறது என்கிறார் அவர். உடல் அசதி வேறு, மனம் சுருண்டுகொள்வது வேறு. அதனால் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிளம்பும் முந்தின வாரமே ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கிப் பழகுங்கள், விடிய விடிய போன் பார்த்துவிட்டுப் போய் இறங்காதீர்கள், மதியம் பதினொரு மணிச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை சோறு வாங்காதீர்கள் (உண்ட மயக்கமும் தீனமித்தத்துக்குத் தீனி என்று அதே ஆகார சூத்திரம்தான் சொல்கிறது, மலைக்காற்று அதை விட்டுவிட்டார்), முதுகுக்கு முட்டுக் கொடுக்காதீர்கள், சுவரோரம் இடம் கேட்காதீர்கள், உட்காரும் முன் கொஞ்சம் நடங்கள். மலைக்காற்று தம்பிக்கு, கோபம் வந்தால் அந்த ஆளுக்கு மெத்தா, அதாவது நலமாயிருக்கட்டும் என்ற அன்பு நினைவை, அனுப்பவேண்டும், வியாபாதத்துக்கு மருந்து அதுதான், சூத்திரத்திலேயே இருக்கிறது.

என் கதை சின்னது. விசிகிச்சை, அதாவது சந்தேகம். ரமணர் வழி விசாரணையா, தோன்றுவதையெல்லாம் மனதில் பெயரிட்டுக் குறிக்கிற மகாசி முறையா, இந்த உடல் உணர்வைக் கவனிக்கிற முறையா, எது சரி என்று ஒரு ராத்திரி முழுக்க மனம் வாதாடி, விடிகாலை நாலு மணி மணியோசை கேட்கும்போது பெட்டியைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சங்காரவன் என்ற பிராமணனுக்குப் புத்தர் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து விளக்குவாரே, சாயம் கலந்தது, கொதிப்பது, பாசி மூடியது, காற்றில் அலைவது என்று, அதில் சந்தேகம் மட்டும் கலங்கிச் சேறாகி இருட்டிலும் வைத்த தண்ணீர். அந்த இருட்டில் மூன்று வழியும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. கிளம்பவில்லை. ஏன் கிளம்பவில்லை என்று இன்றுவரை தெரியாது.

பினாங்குத் தம்பி:
எல்லாரும் கசப்பான தடைகளையே எழுதுகிறீர்கள். என்னை மறித்தது இனிப்பானது. இங்கே மகாசி முறையில் உட்கார்ந்தபோது ஒரு மாலை மூடிய கண்ணுக்குள் வெளிச்சம், உடம்பு பஞ்சாகி, கண்ணீர் கொட்டுகிறது, இதுதான் அது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாள் ஆசிரியரைப் பார்க்கும் நேரத்துக்கு ஓடினேன். நான் பேசப் பேச அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “வெளிச்சம் வந்தபோது ‘பார்க்கிறேன், பார்க்கிறேன்’ என்று குறித்தீர்களா?” என்றார். இல்லை என்றேன். “குறியுங்கள்.” அவ்வளவுதான், அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த ஏமாற்றம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் இந்த மாதிரி பத்து உபக்கிலேசங்கள் (தியானத்தில் வரும் மயக்கும் மாசுகள்) வருகின்றன. ஒளி, ஞானம், பிரீதி என்கிற பூரிப்பு, அமைதி, சுகம் என்று எல்லாம் நல்ல பேர்கள்தான், கடைசியில் வருகிற நிகந்தி, அதாவது இவற்றின்மேல் வருகிற மெல்லிய ஒட்டுதல், அதுதான் ஆளைப் பிடிக்கிறது. கோபம் வந்தால் கோபம் என்று தெரியும். இது வந்தால் ஞானம் என்றல்லவா தெரிகிறது?

மலைக்காற்று:
வாத்தியார் ஐயா, மெத்தா செய்தேன். ஆள் பின்னால் இருந்தபோது அது வேலை செய்தது. ஆள் இல்லாதபோது வந்த கோபத்தைப் பற்றித்தான் எழுதினேன், அதை நீங்கள் தொடவே இல்லை.

சேத்துப்பட்டு:
சாப்பாட்டைப் பற்றி ஒருவர் சொன்னதால் எழுதுகிறேன். பத்து நாள் விபாசனாவுக்கு இரண்டாவது முறை போகிறவர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்தான், புதியவர்களுக்கு டீயும் பொரியும் வாழைப்பழமும். என் பக்கத்து மேசையில் ஒரு பெண் பொரியை ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருந்தாள். எனக்குப் பசியில்லை, நிச்சயமாக இல்லை. ஆனால் அந்த மொறுமொறுப்புச் சத்தம் என்னோடு ஹாலுக்கு வந்தது, இரவு உரை முழுக்க இருந்தது. காமச்சந்தம் (புலனின்ப ஆசை) என்றால் பெரிய பெரிய ஆசைகள் என்று நினைத்திருந்த எனக்கு ஒரு பிடிப் பொரி போதுமாக இருந்தது. சதிபட்டான சூத்திரம் இதை அடக்கச் சொல்லவில்லை, உள்ளே இருந்தால் இருக்கிறது என்று அறி, இல்லையென்றால் இல்லை என்று அறி, எப்படி வந்தது எப்படிப் போகிறது என்று அறி என்கிறது. வந்ததைப் பார்த்தேன். போனதைப் பார்க்கவில்லை. காலையில் இல்லை, அவ்வளவுதான் தெரியும்.

தேயிலைச்சரிவு:
வாத்தியார் அண்ணா, நீங்கள் சொன்ன சச்சகன் கதை சரிதான். ஆனால் மொகல்லானருக்குச் சொன்னதிலேயே படுப்பதும் இருக்கிறது, கடைசி இடத்தில். மற்ற எல்லாம் செய்தும் போகவில்லையென்றால் வலப்பக்கமாகச் சாய்ந்து, எழும்பும் நேரத்தை மனதில் குறித்துக்கொண்டு படு என்று. நான் நித்திரையைக் குறை சொல்லவில்லை, அது எதை மூட வருகிறது என்றுதான் கேட்டேன். மலைக்காற்று, உங்களுக்கு ஆள் இல்லாமல் கோபம் வந்தது, எனக்கு அசதி இல்லாமல் நித்திரை வந்தது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறதோ என்று உங்கள் பதிவைப் படித்த நேரம் தோன்றியது. வருகிற போயாவுக்கு (பௌர்ணமிக்கு) மறுபடி நிலம்பே போகிறேன். இந்த முறை அந்தக் கேள்வியைச் சில் மாதாவிடம் கேட்டுவிடுவேன். அவர் சொல்கிறதை இங்கே எழுதுகிறேன்.